சிங்கப்பூர் வந்தாச்சு, இனி ஊரோடு எப்படித் தொடர்பில் இருப்பது?

வேலை அட்டை கைக்கு வந்து, தங்க இடம் அமைந்து, முதல் சம்பளமும் கணக்கில் ஏறிவிட்டதென்றால் வந்த காரியம் ஒரு வழியாக நடக்கிறது என்று அர்த்தம். அதற்கு அப்புறம் இன்னொரு வேலை இருக்கிறது, அதை எந்த ஏஜெண்டும் சொல்லித் தருவதில்லை. ஊரில் இருக்கிறவர்களோடு எப்போது பேசுவது, என்ன பேசுவது, பணத்தை எந்த வழியில் அனுப்புவது, அம்மா அப்பாவை எப்படி இங்கே வரவழைப்பது, அவசரம் என்றால் யாருக்கு முதலில் போன் போடுவது, இதையெல்லாம் ஒவ்வொருவரும் தானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்கிறார்கள்.

வந்த புதிதில் எல்லோரும் ஒரு நாளைக்கு மூன்று வேளை பேசுவார்கள். சாப்பிட்டியா, என்ன குழம்பு, மழை பெய்யுதா. ஆறு மாதம் போனால் அது வாரத்துக்கு ஒரு தடவையாகும், அப்புறம் மாதச் சம்பளத்தை ஒட்டி ஒரு தடவை, அதுவும் ‘போட்டாச்சு’, ‘வந்துருச்சு’ என்பதோடு முடிந்துவிடும். விடுதியில் இருக்கிறவர்கள், காண்டோ என்கிற தனியார் அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் என்று இதில் பேதமே கிடையாது. என் கட்சி ஒன்றுதான்: பணப் பேச்சு வேறு, வீட்டுப் பேச்சு வேறு, இரண்டையும் ஒரே போனில் போட்டுக் குழப்பாதீர்கள். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருகிற ஏற்பாடுகள்.

முதல் வேலை: இந்திய நம்பரை விடாதீர்கள்

இங்கே ப்ரீபெய்டு சிம் வாங்குவது சுலபம். செவன் இலெவன், சியர்ஸ் மாதிரியான சில்லறைக் கடைகள், லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இருக்கிற போன் கடைகள், எங்கே வேண்டுமானாலும் பாஸ்போர்ட்டையோ வேலை அட்டையையோ காட்டி வாங்கிக்கொள்ளலாம். ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்டு சிம்தான் தருவார்கள். ‘தம்பி, உன் பேர்ல ஒண்ணு எடுத்துக் குடேன், காசு தர்றேன்’ என்று யாராவது கேட்டால் அவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள், அந்த சிம் மோசடிக்குப் போனால் போலீஸ் உங்களைத்தான் தேடி வரும்.

புதியவர்கள் கோட்டை விடுவது இந்திய சிம்மில்தான். ஆதார், வங்கி, கேஸ், எல்லாமே அந்த நம்பரில்தான் இணைந்திருக்கும், ஓடிபி அதற்குத்தான் வரும். ஊரிலிருந்து கிளம்புமுன்பே சர்வதேச ரோமிங்கை இயக்கி வைத்துக்கொண்டு, நம்பர் உயிரோடு இருக்கிற அளவுக்குக் குறைந்த திட்டத்தில் தவறாமல் ரீசார்ஜ் செய்துவாருங்கள். ரொம்ப நாள் சும்மா கிடந்தால் கம்பெனி அதை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும், அப்புறம் வங்கிக் கணக்கைத் திறக்கவே ஊருக்குப் போக வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பையும் புது நம்பருக்கு மாற்ற வேண்டிய அவசியமில்லை, இந்திய நம்பரிலேயே வைத்துக்கொண்டு இங்குள்ள டேட்டாவில் ஓட்டலாம். பெரியம்மாவிலிருந்து பள்ளிக்கூட நண்பன் வரை எல்லோருக்கும் தெரிந்த நம்பர் அது. பழைய நம்பரில் இருந்தால் கூப்பிடுகிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், புது நம்பர் என்றால் பாதிப் பேர் சேமிக்கவே மாட்டார்கள்.

இரண்டரை மணி நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

சிங்கப்பூர் இந்தியாவுக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. கேட்க சின்ன வித்தியாசம்தான், ஆனால் தப்பான நேரத்தில் கூப்பிட வைப்பதும் இதுதான். இங்கே இரவு பத்து மணிக்குக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் போனை எடுக்கிறீர்கள், அங்கே ஏழரை, சீரியல் ஓடுகிறது. அம்மா பேசுவார், உம் கொட்டுவார், ஆனால் கண் டிவியில்தான் இருக்கும். அதைப் பாசக் குறைவு என்று எடுத்துக்கொண்டு வருத்தப்படுகிற பையன்கள் இருக்கிறார்கள், சீரியலோடு போட்டி போட்டு ஜெயித்தவன் எவனும் கிடையாது.

நல்ல நேரங்கள் சில உண்டு. இங்கே மதியம் ஒரு மணி என்றால் அங்கே காலை பத்தரை. காலைச் சமையல் முடிந்து, அப்பா வெளியே கிளம்பிப் போய், அம்மா கொஞ்சம் உட்காருகிற நேரம். சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் அம்மாவோடு மட்டும் பேச அதைவிடத் தோதான நேரம் கிடையாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தால் இங்கே ஏழரையிலிருந்து எட்டரைக்குள் கூப்பிடுங்கள், அங்கே ஐந்திலிருந்து ஆறு, பள்ளி விட்டு வந்து எதையாவது தின்றுகொண்டிருப்பார்கள். ஓவர்டைம் இருக்கிறவர்களுக்கு இது முடியாது, அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கதி. ஞாயிறு காலை ஒன்பதரை, அங்கே ஏழு, வீட்டில் எல்லோரும் இருப்பார்கள்.

வீட்டுப் பணிப்பெண்ணாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதத்தில் குறைந்தது ஒரு ஓய்வு நாளைக் கட்டாயம் கொடுத்தாக வேண்டும், அதற்குப் பதிலாகப் பணம் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது என்பது 2023 ஜனவரியிலிருந்து இங்கே சட்டம். தினமும் எந்த நேரத்தில் போன் பேசிக்கொள்ளலாம் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வீட்டு எஜமானியிடம் பேசி முடிவு செய்துவிடுங்கள். பிறகு கேட்பது கஷ்டம்.

யாரோடு பேசுகிறீர்கள்?

நிறையப் பேர் ‘வீட்டோடு பேசினேன்’ என்பார்கள். விசாரித்தால் ஒரே போன் கை மாறிக் கை மாறிப் போயிருக்கும். அம்மாவிடம் ஐந்து நிமிடம், ‘இந்தா அப்பாகிட்ட குடுக்குறேன்’, அப்பா ‘நல்லாருக்கியா, உடம்பப் பாத்துக்க, இந்தா அம்மாகிட்ட குடுக்குறேன்’, பாட்டிக்குக் காது கேட்கவில்லை, தங்கச்சி ‘ஹாய்ண்ணா’ என்று கையாட்டிவிட்டு ஓடிவிட்டாள். பேசியது கால் மணி நேரம், யாரோடும் பேசவில்லை.

அதனால் ஆளுக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவோடு பேசுவது ரொம்பப் பேருக்குக் கஷ்டம், நேரில் இருக்கும்போதே பேசாத மனுஷன் போனில் என்ன பேசிவிடப் போகிறார். அவரிடம் நலம் விசாரிக்காதீர்கள், வேலை சொல்லுங்கள், யோசனை கேளுங்கள். ‘மோட்டார் என்னாச்சு, காயில் கட்டியாச்சா?’, ‘வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சா?’, ‘பக்கத்து மனைக்காரர் வேலி போடுறாராமே, அளந்து பாத்தீங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் அவர்தான் பேசுவார். என் அனுபவத்தில் அப்பாமார்களுக்கு வீடியோ கால் ஒத்துவராது, சாதாரண வாய்ஸ் கால்தான் சரி. கேமராவைப் பார்த்ததும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துப் போய்விடுவார்கள்.

பிள்ளைகள் வேறு ரகம். எங்கள் அறையில் மன்னார்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார், மகள் மூன்றாம் வகுப்பு. அவர் மகளிடம் ‘நல்லாப் படிக்கிறியா’ என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அங்கே போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு அந்தப் பெண் தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதும், இவர் இங்கே கட்டிலில் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டோ நாளைக்கான வெங்காயத்தை உரித்துக்கொண்டோ இருப்பார். பத்து நிமிடத்துக்கு இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். திடீரென்று ‘அப்பா, ஏழெட்டு?’ என்று சத்தம் வரும், இவர் ‘நீ சொல்லு’ என்பார், ‘அம்பத்தாறு’, ‘அப்புறம் என்ன, எழுது’. முடிந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போனால் அந்தக் குழந்தை இவரிடம் ஒட்டிக்கொள்ள ஒரு மணி நேரம்கூட ஆகாது என்று சொல்லுவார், மற்றவர்களின் பிள்ளைகள் இரண்டு நாள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும்.

இதை நீங்களும் செய்யலாம். பேச எதுவும் இல்லாவிட்டாலும் இணைப்பைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம், விடுதியிலும் வீட்டிலும் வைஃபை இருக்கும்போது காசா பணமா. மனைவி ஊரில் இருந்தால் இது இன்னும் முக்கியம். அவரிடம் பேசுவதற்கு ஒரு நேரத்தை, மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, அவரையே குறிக்கச் சொல்லுங்கள். நீங்கள் குறித்தால் தப்பாகத்தான் குறிப்பீர்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சுருக்கமாக: இருக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். காலை வணக்கப் பூங்கொத்தும் ஃபார்வர்டு மருத்துவக் குறிப்பும் வந்துகொண்டேதான் இருக்கும், சகித்துக்கொள்ளுங்கள். சித்தப்பா அனுப்புகிற ரோஜாப்பூ ‘நான் நல்லாருக்கேன்’ என்பதற்கான அத்தாட்சி, அது இரண்டு நாள் வரவில்லை என்றால் போன் போட்டு விசாரியுங்கள். கட்டை விரலைத் தட்டிவிட்டு இருந்துவிடாமல் குரலில் ஒரு வரி பேசி அனுப்பினால் படிக்கத் தெரியாத அப்பத்தாவுக்கும் போய்ச் சேரும்.

பணம்

பணம் அனுப்புவதற்கு மாதத்தில் ஒரு தேதி, அதைப் பற்றிப் பேச ஒரே ஒரு அழைப்பு. எவ்வளவு அனுப்புகிறேன், எதற்கு எவ்வளவு, கடனில் எவ்வளவு கழிந்தது என்று எல்லாக் கணக்கையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். மற்ற நாளில் பண விஷயத்தை யாராவது எடுத்தால் ‘அதை அஞ்சாம் தேதி பேசுவோம்’ என்று சிரித்துக்கொண்டே தள்ளிவிடுங்கள். முதல் இரண்டு மாதம் முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும். இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்றால், ஊரிலிருந்து போன் அடித்தாலே எதற்கோ காசு கேட்கத்தான் என்று நினைத்து எடுக்கவே பயப்படுவீர்கள், எடுக்காமல் இருந்தால் அவர்கள் ‘சிங்கப்பூர் போனதும் மாறிட்டான்’ என்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும், உறவு கெட்டுப்போகும்.

அனுப்புகிற வழிகளில் இப்போது வசதி நிறைய. 2023 பிப்ரவரி 21 அன்று சிங்கப்பூரில் போனிலிருந்தே பணம் அனுப்புகிற பேநவ் முறையையும் இந்தியாவின் யூபிஐயையும் இணைத்தார்கள். டிபிஎஸ், பிஓஎஸ்பி வங்கிகளில் கணக்கு வைத்திருப்பவர்கள் ஆப்பிலிருந்தே ஊரில் இருப்பவரின் யூபிஐ முகவரியைப் போட்டு அனுப்பலாம், உடனே போய்விடும். ஒரு நாளைக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைதான், வாங்குகிறவரின் வங்கியும் இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும், ஸ்டேட் பாங்க், இந்தியன் வங்கி, ஐஓபி, ஐசிஐசிஐ, ஆக்சிஸ் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே இருக்கின்றன. குடும்பச் செலவு, அன்பளிப்பு மாதிரியான சின்னத் தொகைகளுக்கு இது போதும். மருந்து வாங்க ஐம்பது வெள்ளி வேண்டும் என்றால் தேக்காவுக்கு ஓட வேண்டியதில்லை.

பெரிய தொகைக்கு வங்கி, பணம் அனுப்பும் ஆப்கள், சிராங்கூன் சாலைப் பக்கம் இருக்கிற பணமாற்றுக் கடைகள் என்று பல வழி உண்டு. ‘கமிஷன் இல்லை’ என்று போர்டு இருந்தால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள், அவர்கள் கொடுக்கிற ரேட்டில் அது ஒளிந்திருக்கும். பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: இங்கே என் கையிலிருந்து எத்தனை வெள்ளி போகிறது, அங்கே எத்தனை ரூபாய் போய் விழுகிறது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் உரிமம் இல்லாத ஆளிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ‘உண்டியல்’ காரர்கள் இரண்டு பைசா கூடத் தருவதாகச் சொல்லுவார்கள், வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பதாகவும் சொல்லுவார்கள். பணம் போகவில்லை என்றால் எந்த ரசீதைக் காட்டி யாரிடம் கேட்பீர்கள்?

வெளிநாட்டில் வேலை என்று வந்துவிட்டால் ஊரில் இருக்கிற சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருக்கிற இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது இந்திய விதி. இங்கே சம்பாதித்ததைப் போட்டுவைக்க என்ஆர்இ கணக்கு தனியாகத் தொடங்கலாம், அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. இந்தக் கணக்குகளைச் சிங்கப்பூர் நம்பரோடு இணைத்தே யூபிஐ பயன்படுத்தவும் சில வங்கிகள் வழி செய்திருக்கின்றன, உங்கள் வங்கியில் கேட்டுப் பாருங்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்த வசதி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிற கரண்ட் பில், வீட்டு வரி, அம்மாவின் போன் ரீசார்ஜ், எல்லாவற்றையும் இங்கே உட்கார்ந்துகொண்டே கட்டிவிடலாம். மொத்தமாகப் பணத்தை அனுப்பிவிட்டு ‘கட்டிட்டீங்களா, கட்டிட்டீங்களா’ என்று நச்சரிப்பதைவிட, பில்லை நாமே கட்டிவிட்டு ‘இந்தத் தடவை ஏன் இவ்வளவு வந்திருக்கு, ஃபிரிட்ஜ் கதவு சரியா மூடுதா?’ என்று கேட்பது வீட்டில் இருக்கிற ஆளாக உங்களை வைத்திருக்கும்.

ஏமாற்றுக்காரர்களுக்கு ஒரு ரகசிய வார்த்தை

‘உங்கள் பையன் சிங்கப்பூரில் போலீஸில் மாட்டிக்கொண்டான், உடனே பணம் கட்டுங்கள்’ என்று ஊருக்குப் போன் போகிறது. இங்கே இருப்பவர்களுக்கு ‘உங்கள் பார்சலில் போதைப்பொருள்’ என்று வருகிறது. குரலையே போலியாகச் செய்துவிடுகிறார்கள். அதனால் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொள்ளுங்கள், பழைய மாட்டின் பெயர், ஊர்க் குளத்தின் பட்டப்பெயர், எதுவானாலும் சரி. அவசரம், பணம் என்று யார் கூப்பிட்டாலும் முதலில் அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும் என்று அம்மாவுக்குப் பழக்கிவிடுங்கள். சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், இங்கே 1799, இந்தியாவில் 1930.

அவசரத்துக்கு ஒரு காகிதம்

ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் கம்பெனி பெயர், தங்கியிருக்கும் முகவரி, பிளாக் எண், மாடி எண், சூப்பர்வைசர் நம்பர், அறைத் தோழர்கள் இரண்டு பேர் நம்பர் எல்லாவற்றையும் எழுதிப் படமெடுத்து அனுப்பி, அதை வீட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்லுங்கள். போன் தொலைந்தால் எல்லாம் போச்சு என்கிற நிலை வரக்கூடாது. அதே மாதிரி ஊரில் பக்கத்து வீடு, தெருவில் ஆட்டோ வைத்திருப்பவர், குடும்ப டாக்டர், இவர்கள் நம்பர் உங்களிடம் இருக்கட்டும். ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றால் அம்மா உங்களைத்தான் முதலில் கூப்பிடுவார், நீங்கள்தான் இங்கிருந்து ஆட்டோக்காரரை எழுப்ப வேண்டியிருக்கும். 108ஐ முதலில் கூப்பிட வேண்டும், மகனை அப்புறம் கூப்பிடலாம் என்று சொல்லி வையுங்கள். சொன்னாலும் கேட்கமாட்டார், இருந்தாலும் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். இன்னொருவருடைய பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது இங்கே குற்றம், முதலாளியாக இருந்தாலும் சரி. துக்கச் செய்தி வந்தால் அன்றைக்கே கிளம்ப வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது, சாவி இன்னொருவரிடம் இருக்கிறது என்றால் முகம் பார்க்கக் கொடுத்துவைக்காது. டிக்கெட்டுக்குத் தேவையான தொகையைத் தொடாமல் தனியாக ஒதுக்கி வையுங்கள், அவசர நேரத்து விலை வழக்கமானதைவிடப் பல மடங்கு இருக்கும்.

ஊருக்குப் போகும்போது

திருச்சி, சென்னை, மதுரை, கோயம்புத்தூர், நாலு ஊருக்கும் நேரடி விமானம் உண்டு, சுமார் நாலு மணி நேரம். தீபாவளி, பொங்கல், ஜூன் பள்ளி விடுமுறை, நவம்பர் டிசம்பர் என்றால் விலை ஏறும், லீவை முன்கூட்டியே சொல்லி வாங்கிவிட்டு டிக்கெட்டைப் போடுங்கள். பொங்கலுக்கு இங்கே பொது விடுமுறை கிடையாது, தீபாவளிக்கு ஒரு நாள்தான், அதையும் கணக்கில் வையுங்கள்.

பெட்டி கட்டுவது தனிக் கலை. முஸ்தபா கடையில் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் தெரியும், ஒரு கையில் பட்டியல், ஒரு கையில் கோடாரித் தைலம் அடுக்கிய கூடை, காதில் போன், மறுமுனையில் ‘பெரியத்தைக்கு வாங்கினா சின்னத்தைக்கும் அதேதான் வாங்கணும், இல்லேன்னா பேச்சு வரும்’ என்று மனைவி. அது நூற்றுக்கு நூறு உண்மை. ஒரே படியில் இருக்கிற சொந்தங்களுக்கு ஒரே பொருள், ஒரே அளவு. தைலம், டார்ச் லைட், சோப்பு, சாக்லேட், பவுடர், இதெல்லாம் இப்போது ஊரிலேயே கிடைக்கிறதே என்று கேட்கலாம், கிடைக்கிறதுதான், ஆனாலும் ‘சிங்கப்பூர் தைலம்’ என்று அவர்கள் தலைமாட்டில் வைத்துக்கொள்வது பொருளுக்காக இல்லை. வயதானவர்களுக்கு ஒரு பாட்டில் கூடுதலாகவே வாங்குங்கள், கேட்டு வருகிறவர்கள் கடைசி நாள் வரை வருவார்கள். நகை எடுத்துப் போவதாக இருந்தால் சுங்க வரம்பைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், பில் கையில் இருக்கட்டும்.

வீட்டில் இருக்கிற நாட்களை முழுக்கக் கல்யாணம், காதுகுத்து, பேங்க், ரெஜிஸ்டர் ஆபீஸ் என்று நிரப்பாதீர்கள். போன முதல் இரண்டு நாள் எங்கேயும் போகாமல் வீட்டில் கிடங்கள். அப்புறம், போக முடியாமல் போன சாவு வீடுகளுக்குத்தான் முதலில் போக வேண்டும், துக்கம் விசாரிக்காமல் விருந்துக்குப் போனால் அதை ஊர் மறக்காது. போனிலேயே துக்கம் கேட்டுவிட்டாலும் நேரில் ஒரு தடவை போய் உட்கார்ந்து எழுந்து வருவதுதான் கணக்கு.

இங்கே இருக்கிற சொந்தக்காரர்கள்

தஞ்சாவூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, சிவகங்கை, கடையநல்லூர், தென்காசிப் பக்கத்துக்காரர்களில் பலருக்கு இங்கே ஏதாவது ஒரு தாத்தா வழி உறவு இருக்கும். ‘ரஜுலா’ கப்பலில் வந்தவர்கள், அப்புறம் ‘சிதம்பரம்’ கப்பலில் வந்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அம்மாவிடம் கேட்டால் ‘ஆமா, உங்க தாத்தாவோட பெரியப்பா மகன் அங்கதான் இருந்தாரு, ஈசூன்ல வீடு’ என்று எங்கிருந்தோ ஒரு நம்பரை எடுத்துத் தருவார்.

அந்த வீட்டுக்கு ஊர்ப் பழக்கத்தில் திடீரென்று போய் நிற்காதீர்கள். இங்கே எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், முதலில் வாட்ஸ்அப்பில் ‘நான் இன்னார் பேரன்’ என்று அறிமுகம் செய்துகொண்டு, எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில்தான் அதிகம் பேசுவார்கள், அதை வைத்து எடை போடாதீர்கள், பெரியவர்கள் தமிழில் உருகிவிடுவார்கள். வேலை வாங்கித் தரச் சொல்லியோ கைமாற்று கேட்டோ முதல் சந்திப்பிலேயே வாயைத் திறக்கக் கூடாது, பல பேர் ஊர்ச் சொந்தத்திடமிருந்து விலகி இருப்பதற்குக் காரணமே அதுதான். தீபாவளிக்குப் போனால் பிள்ளைகளுக்கு உறையில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுப்பது இங்கே வழக்கம், கடைகளில் அதற்கென்றே அச்சடித்த உறை கிடைக்கும். தொகை பெரிதில்லை, வெறுங்கையோடு போகாதீர்கள், அவ்வளவுதான். போய்விட்டு வந்ததும் அவர்கள் வீட்டு வாசலில் எடுத்த போட்டோவை ஊருக்கு அனுப்புங்கள், இரண்டு தலைமுறை விட்டுப்போன பேச்சு அங்கே ஒரு வாரத்துக்கு ஓடும்.

சொந்தம் யாருமே இல்லை என்றால் ஊர்ச் சங்கங்கள் இருக்கின்றன, கோயில் அன்னதானத்திலோ பள்ளிவாசலிலோ விசாரித்தால் உங்கள் ஊர்க்காரர் ஒருவர் கண்டிப்பாக அகப்படுவார்.

அம்மா அப்பாவை அழைத்து வருவது

வேலை அனுமதியில் (வொர்க் பெர்மிட்) இருப்பவர்கள் குடும்பத்தைத் தங்க வைக்க முடியாது, விதி அப்படி. எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்கிற அதற்கு மேல்நிலை வேலை அட்டைகளில் இருப்பவர்கள் நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருந்தால் மனைவியையும் 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம், 12,000 வெள்ளி என்றால் பெற்றோருக்கும் நீண்டகால அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு எட்டாதவர்கள் சுற்றுலா விசாவில் கொஞ்ச நாளைக்கு வரவழைக்கலாம். இந்தியர்களுக்கு விசா தேவை, ஊரில் அங்கீகாரம் பெற்ற ஏஜெண்ட் மூலம் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 30 வெள்ளி, கிடைக்காவிட்டாலும் திரும்பி வராது, ஏஜெண்டின் கூலி தனி. இங்கே வந்து இறங்குகிற நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், அது இலவசம். அதற்குக் காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் போலி.

பெட்டியில் எதை வைக்கக் கூடாது என்று கிளம்பும் முந்தின நாள் வீடியோ காலில் நீங்களே பார்த்துவிடுங்கள். அம்மா எப்படியும் கருவாடு, ஊர்க்கோழி வறுவல் என்று எதையாவது திணிப்பார், இறைச்சி வேண்டவே வேண்டாம். கசகசா கூடாது, மசாலாப் பொட்டலத்தோடு மறந்து போட்டுவிடுவார்கள். அப்பாவுக்குப் புகையிலை போடுகிற பழக்கம் இருந்தால் அதை ஊரிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், மெல்லும் புகையிலை இங்கே தடை, பீடி சிகரெட்டுக்கு வரி விலக்கு என்பதே கிடையாது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு எடுத்து வரட்டும்.

வந்து சேர்ந்த முதல் வாரம் மெரினா பே, மிருகக்காட்சிசாலை, விலங்கு, விளக்கு என்று நன்றாகத்தான் போகும். அப்புறம் நீங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள், அவர்கள் பதினோராவது மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு முன்னாலேயே கீழ்த்தளத்துக்கு இறங்கி ஏற லிஃப்டைப் பழக்குங்கள், கோப்பிக்கடையில் ‘தே ஓ’ என்றால் பால் இல்லாத தேநீர் என்று சொல்லிக்கொடுங்கள், பக்கத்து நூலகத்தில் தமிழ்ப் புத்தக அடுக்கு எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள், டிவியில் வசந்தத்தையும் ரேடியோவில் ஒலி 968ஐயும் போட்டுக் கொடுங்கள். தேக்கா சந்தைக்குத் தனியாகப் பஸ்ஸில் போய் முருங்கைக்கீரை வாங்கி வர ஒரு தடவை பழக்கிவிட்டால் அம்மாவுக்கு ஊர் கிடைத்த மாதிரி. அப்படியும் இருபதாவது நாள் வாக்கில் ‘தென்னைக்குத் தண்ணி யாரு விடுறா?’ என்று ஆரம்பிப்பார்கள். அதனால் திரும்புகிற தேதியை மாற்றிக்கொள்ள முடிகிற டிக்கெட்டாகவே எடுங்கள், கொஞ்சம் விலை கூட இருந்தாலும் பரவாயில்லை.